சென்ட்ரல் பார்க்குக்கு நாற்பது நிமிடம் போதாது

அம்மா அப்பாவுக்கு நியூயார்க் காட்ட வரும் பிள்ளைகளுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் தெரியாது. ஆனால் நூறு பேருக்கு நடுவே நின்றாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. ஐந்தாவது அவென்யூவும் 59ஆவது தெருவும் சந்திக்கும் முனை. உங்கள் ஒரு கையில் போன், இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். இரண்டடி பின்னால், நீங்கள் வாங்கிக் கொடுத்த புது ஸ்போர்ட்ஸ் ஷூவில் அப்பா. அதே ஷூ, ஒரு சைஸ் சின்னதாக, புடவைக்குக் கீழே அம்மாவுக்கு. "சீக்கிரம் வாங்கப்பா, ஒரு மணிக்குப் படகு டிக்கெட் இருக்கு" என்கிறீர்கள். குளத்தோரம் ஒரு போட்டோ, வளைந்த பாலத்தில் ஒரு போட்டோ, தேவதைச் சிலை நிற்கும் நீரூற்றுக்கு முன்னால் குடும்பத்தோடு ஒன்று. சென்ட்ரல் பார்க் முடிந்தது. அடுத்தது டைம்ஸ் ஸ்கொயர்.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2022 ஜூலையில் நானும் இதைத்தான் செய்தேன். இன்னும் ஒரு படி மேலே போய், நடக்க நேரமில்லை என்று மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஒன்றில் இரண்டு பேரையும் ஏற்றி நானும் ஏறிக்கொண்டேன். நிமிடத்துக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதியிருந்ததை, சவாரிக்கு இவ்வளவு என்று படித்துவிட்டேன். இறங்கும்போது கொடுத்த தொகையை அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அன்று ராத்திரி குயின்ஸுக்கு ரயிலில் திரும்பும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பூங்கா அவ்வளவுதானா? அதுக்கா உலகமே இப்படிப் பேசுது?"

என்னிடம் பதில் இல்லை. எட்டு வருஷமாக இந்த ஊரில் இருந்த எனக்கே அவ்வளவுதான் தெரியும்.

அதனால்தான் இந்த மடல். கேட்பது ஒன்றுதான். உங்கள் பட்டியலில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், அவர்களுக்கு இந்தப் பூங்காவில் ஒரு முழுநாள் கொடுங்கள். முடிந்தால் அது கோடைக்கால நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பூங்கா 59ஆவது தெருவில் தொடங்கி 110ஆவது தெருவில் முடிகிறது. நீளம் இரண்டரை மைல், அகலம் அரை மைல், மொத்தம் 843 ஏக்கர். நாம் எடுத்த மூன்று போட்டோவும் 59க்கும் 73க்கும் நடுவே எடுத்தவை. அதாவது கீழ்ப்பக்கம் கால் பங்கைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறோம். கோவிலுக்குப் போய் வாசலில் செருப்பை விட்ட கையோடு வீட்டுக்கு வந்த கதை.

அப்பா அம்மா இரண்டாவது முறை வந்தது 2023 அக்டோபர் தொடக்கத்தில். பெரிய திட்டமெல்லாம் கிடையாது, கோடையைவிட விமான டிக்கெட் மலிவு. சுற்றுலா விசாவில் பொதுவாக ஆறு மாதம் தங்கவிடுவார்கள். 2024 மார்ச் கடைசி வரை இருந்தார்கள். "குளிர்ல வயசானவங்களைக் கூப்பிட்டு என்ன பண்ணப்போற?" என்று கேட்காத நண்பர் இல்லை. எனக்கும் பயம்தான். வீட்டுக்குள்ளேயே ஆறு மாதம் அடைத்துவைக்க முடியாதே என்றுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தோம். இந்த முறை படகு டிக்கெட் இல்லை, வண்டி இல்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சாலைத்துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கமாட்டார், குனிந்து வடிகாலைப் பார்ப்பார். முதல் ஞாயிறு 81ஆவது தெரு ரயில் நிலையத்தில் இறங்கி உள்ளே நடந்தோம். கொஞ்ச தூரத்தில் அப்பா சட்டென்று நின்றார். "எங்கேயோ கீழ பஸ் ஓடுது." எனக்குக் கேட்கவில்லை. அவர் புதர் ஓரமாகப் போய் ஒரு கல்சுவரைக் கண்டுபிடித்து எட்டிப் பார்த்தார். இருபுறமும் பாறையும் கல்லும் சுவராக நிற்க, பள்ளத்தில் ஒரு சாலை. டாக்சிகள், ஒரு டெலிவரி லாரி, பின்னால் எம்79 பஸ். எங்கள் பாதை அதன் தலைக்கு மேலே பாலமாகப் போகிறது. பாலத்தின் இரண்டு பக்கமும் செடி வளர்த்து மறைத்திருப்பதால், பாலத்தில் நடக்கிறோம் என்பதே தெரியாது.

இப்படி நான்கு சாலைகள் பூங்காவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகின்றன. வடிவமைப்புப் போட்டி அறிவித்தபோதே, குறுக்குச் சாலைகள் கட்டாயம் என்று விதி வைத்துவிட்டார்கள். ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் என்ற இருவர் 1858இல் அந்தப் போட்டியில் ஜெயித்தார்கள். சாலையைப் பள்ளத்தில் இறக்கிவிட்டுப் பூங்காவை மேலே ஓடவிட்டது அவர்கள் யோசனை. இரவில் பூங்காவை மூடினாலும் கீழே வண்டி ஓடலாம். அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சுவரில் கை ஊன்றியபடியே நின்றார். "1858ல கார் ஏது, பஸ் ஏது? குதிரை வண்டிதானே? அப்பவே இப்படி யோசிச்சிருக்கான் பாரு!" அப்புறம் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று தேடத் தொடங்கினார். அம்மா ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். போன தடவை நாற்பது நிமிடத்தில் பூங்காவையே முடித்தோம். இந்தத் தடவை நாற்பது நிமிடத்தில் அந்த ஒரு பாலத்தைத் தாண்டவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. "எனக்கு நடக்கறதெல்லாம் ஆகாது" என்று சொல்லித்தான் வந்தாள். நீங்களும் உங்கள் அம்மாவைப் பற்றி இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இந்தப் பூங்காவில் ஏறத்தாழ பத்தாயிரம் பெஞ்சுகள் இருக்கின்றன. ஐம்பது அடி நடந்தால் உட்காரலாம். ஆயிரக்கணக்கான பெஞ்சுகளின் சாய்மானத்தில் சின்ன உலோகத் தகடு பதித்திருப்பார்கள், நன்கொடை கொடுத்தவர்களின் வாசகம். இறந்துபோன மனைவிக்கு, ஐம்பதாவது கல்யாண நாளுக்கு, செல்ல நாய்க்கு. அம்மா ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன். "நாய்க்கு ஒரு பெஞ்சா!" என்று ஆரம்பத்தில் சிரித்தவள், நவம்பர் வாக்கில் நாய் பெஞ்சுகளாகத் தேடி உட்கார ஆரம்பித்தாள்.

இலையுதிர் காலம் பற்றி நம்மிடையே ஒரு தப்புக் கணக்கு உண்டு. அக்டோபர் முதல் வாரமே நிறம் மாறிவிடும் என்று கிளம்பி வருவோம். வடக்கே மலைப்பக்கம் அப்படித்தான். நகரத்துக்குள் அப்போது எல்லாம் பச்சையாகத்தான் நிற்கும். இங்கே நிறம் ஏறுவது அக்டோபர் கடைசியில், உச்சம் நவம்பர் முதல் பாதி வரை இழுக்கும். அதைப் பார்க்கக் கீழ்ப்பக்கம் போகாதீர்கள். 103ஆவது தெரு நிலையத்தில் இறங்கி மேற்கு வாசல் வழியாக நுழைந்தால் உடனே ஒரு குளம் வரும். குளத்தின் பெயரே குளம்தான், 'தி பூல்'. கரையெல்லாம் மேப்பிளும் ஸ்வீட்கமும். சிவப்பு, செங்கல் நிறம், கத்தரிப்பூ நிறம், எல்லாம் தண்ணீரில் தலைகீழாக. அங்கே நின்று கூட்டத்தை எண்ணிப் பாருங்கள், ஒரு கைவிரல் போதும்.

குளத்துத் தண்ணீர் ஓடையாகி, சின்னச் சின்ன அருவியாக இறங்கி, மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்குக்குள் போகிறது. அருவிச் சத்தத்தில் நகரத்தின் சத்தம் அடங்கிவிடும். பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் ஹடில்ஸ்டோன் வளைவு என்று ஒரு கல்பாலம். பெரிய பெரிய பாறைகளை ஒன்றன்மேல் ஒன்று முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், சாந்து கிடையாது. அப்பா உள்ளே நின்று ஒரு கல்லைத் தட்டினார், இன்னொரு கல்லைத் தட்டினார், "இதுக்கு மேல ரோடு போகுதா?" என்றார். போகிறது. ஒன்றும் பேசாமல் வெளியே வந்து நின்றுகொண்டார். அம்மாவுக்கு மட்டும் ஓடை பிடித்திருந்தது. "பாரு, எவ்வளவு சுத்தமா வருது" என்றாள். அது பெரும்பாலும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், பாறைக்குப் பின்னால் குழாயை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். சென்ட்ரல் பார்க் என்றால் நகரம் வளரும்போது மிச்சம் விட்ட காடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அங்கே இருந்தது பாறையும் சதுப்பும். ஏரிகள் தோண்டியவை, மரங்கள் பெரும்பாலும் நட்டவை. ஜார்ஜ் வேரிங் என்ற பொறியாளர் நிலத்துக்கடியில் வடிகால் குழாய்களைப் பதித்துச் சதுப்பை வடியவைத்தார். இதைச் சொன்ன பிறகு அப்பா ஓம்ஸ்டெட்டை மறந்துவிட்டார். அவருக்கு வேரிங்தான் நாயகன்.

இனி குளிர்காலம். என்னைக் கேட்டால் இந்தப் பூங்காவை டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பார்க்காதவர்கள் அதைப் பார்த்ததாகவே சொல்லக்கூடாது. பொதுமக்களுக்கு அது முதன்முதலில் பயன்பட்டதும் குளிரில்தான். 1858 டிசம்பரில் வேலை பாதிகூட முடியாத நிலையில் ஏரி உறைந்தது, சறுக்கி விளையாடச் சனங்கள் திரண்டார்கள். பனிக்கட்டி ஆள் தாங்கும் அளவுக்குக் கெட்டியானதும் உயரத்தில் ஒரு சிவப்புப் பந்தை ஏற்றுவார்களாம். பந்து ஏறிவிட்டது என்றால் ஊரே கிளம்பிவிடும். இப்போது அந்த ஏரியில் கால் வைக்க அனுமதி இல்லை. உறைந்தது மாதிரிதான் இருக்கும், நம்பி இறங்கிவிடாதீர்கள்.

இலை கொட்டிய பிறகுதான் பூங்காவின் எலும்பு தெரிகிறது. மேற்குப் பக்கம் 62, 63ஆவது தெரு அருகே அம்பயர் ராக் என்று ஒரு பெரும்பாறை இருக்கிறது. கோடையில் குழந்தைகள் ஏறிச் சறுக்கும் இடம், நின்று பார்க்க முடியாது. ஜனவரி வெயிலில் அதன்மேல் யாரும் இல்லை. பாறையின் முதுகில் நீளநீளமாகக் கோடுகள், ஒரே திசையில், சில இடங்களில் கை நுழையும் அளவு பள்ளம். கடைசிப் பனியுகத்தில் இந்த இடத்தின் மேல் நகர்ந்துபோன பனிப்பாளம், தன் அடியில் சிக்கிய கற்களால் கீறிய கோடுகள் அவை. பாறையின் வயது சுமார் 45 கோடி ஆண்டு. அப்பா கையுறையைக் கழற்றி ஒரு பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. "ஐயோ, ஜில்லுனு இருக்கு" என்று எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தார்.

அவருக்கு ஒரே குறை, பனி விழவில்லை. வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் ஊரே அதைத்தான் கேட்டது. நியூயார்க்கில் இத்தனை அங்குலம் பனி, இவ்வளவு வெப்பம் என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்தக் கணக்கு இந்தப் பூங்காவின் கணக்குதான். பெல்வடேர் என்ற சின்னக் கோட்டைக்குப் பக்கத்தில் வேலிக்குள் கருவிகள் இருக்கின்றன, 1919லிருந்து அங்கேதான் அளக்கிறார்கள். 2024 ஜனவரி 16ஆம் தேதி காலை செய்தி வந்தது: 701 நாள்களுக்குப் பிறகு ஒரு அங்குலத்தைத் தாண்டிப் பனி விழுந்திருக்கிறது. ஞாயிறு வரை காத்திருந்தால் அது கரைந்திருக்கும். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். பூங்காவில் பனியைவிட ஆட்கள் அதிகம் என்று சொல்லலாம். அப்பா ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தார், உதிர்ந்துவிட்டது. முதலில் தேடியது கருவிகள் இருக்கும் வேலியைத்தான். "அளவுகோல் வச்சு தினம் அளக்கறாங்க பாரு" என்றார், பனியைவிட அதுவே பெரிய விஷயம் என்பதுபோல.

பிப்ரவரி 13ஆம் தேதி விழுந்ததுதான் பனி. மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். அன்று 'மால்' என்று சொல்லும் அகன்ற நடைபாதைக்குப் போனோம். பெயரைக் கேட்டுக் கடைத்தெரு என்று அம்மா நினைத்தாள். பூங்கா முழுக்க வளைந்து வளைந்து போகும் பாதைகளுக்கு நடுவே வேண்டுமென்றே நேர்கோடாகப் போட்ட ஒரே பெரிய பாதை அது. இரண்டு பக்கமும் அமெரிக்க எல்ம் மரங்கள், மேலே கிளைகள் கோத்துக் கூரைபோல நிற்கும். ஒரு பூஞ்சைநோய் இந்தக் கண்டம் முழுக்க எல்ம் மரங்களைக் கொன்றுபோட்டது. அந்தப் பூஞ்சையை மரத்துக்கு மரம் சுமந்துபோவது ஒரு வண்டு. இங்கே நோய் பிடித்த கிளையை உடனுக்குடன் வெட்டி, மரத்துக்கு மரம் காவல் காத்துத் தப்பிக்கவைத்திருக்கிறார்கள். கோடையில் இவை நல்ல நிழல், அவ்வளவுதான். பனி விழுந்த காலையில் ஒவ்வொரு கிளையும் கீழே கறுப்பு, மேலே வெள்ளை. நுனிவரைக்கும் அப்படித்தான். காற்றே இல்லை. எங்கேயோ ஒரு கிளையிலிருந்து பொடியாகப் பனி கொட்டும், அப்புறம் மறுபடி அமைதி. அம்மா பெஞ்சைத் துடைத்து உட்கார்ந்தாள், அப்பாவும் உட்கார்ந்தார். நான் போட்டோ எடுக்கப் போனை வெளியே எடுத்தேன், குளிரில் பாட்டரி செத்துப்போயிருந்தது. அந்தக் காட்சிக்குப் போட்டோ கிடையாது.

அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு இடத்துக்கும் போனோம். மேற்குப் பக்கம் 82ஆவது தெருவிலிருந்து 89 வரை, கோடையில் வெறும் புல்மேடு மாதிரி இருக்கும். ஓரத்தில் சில அறிவிப்புப் பலகைகள். அங்கேதான் செனிகா கிராமம் இருந்தது. 1825இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர் முதலில் மூன்று மனைகள் வாங்கினார், பின்னால் பலர் வந்தார்கள். அந்தக் காலத்தில் நியூயார்க்கில் ஒரு கறுப்பின ஆண் வாக்களிக்க வேண்டுமென்றால் 250 டாலர் மதிப்புள்ள நிலம் வைத்திருக்க வேண்டும். அப்போது மனை வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளி, 1855 கணக்கெடுப்பில் சுமார் 225 பேர். பூங்காவுக்கு என்று அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது, 1857க்குள் கிராமம் காலியானது. 2011இல் தோண்டிப் பார்த்தபோது ஒரு வீட்டின் கல் அடித்தளமும், இரும்புக் கெண்டி ஒன்றும், ஒரு குழந்தையின் செருப்பில் மிஞ்சிய தோலும் கிடைத்தன.

அப்பா ஒவ்வொரு பலகையையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். "இழப்பீடு குடுத்தாங்களா?" கொடுத்தார்கள், போதாது என்று பலர் வழக்குப் போட்டார்கள் என்றேன். அவர் எத்தனையோ சாலைகளுக்கு நில எடுப்பு வேலை பார்த்தவர். கொஞ்சநேரம் கழித்துச் சொன்னார்: "மேப்ல கோடு போடறவன் அந்த வீட்டு வாசல்ல நின்னிருக்க மாட்டான்மா. நான்தான் போய் நின்னிருக்கேன்." அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஓம்ஸ்டெட்டின் மேதைமையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பெற்றோரை அங்கேயும் கூட்டிப்போங்கள்.

சரி, வழி தவறினால் என்ன செய்வது? இதுதான் உங்கள் பெரிய பயம் என்று தெரியும். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். நானும் பயந்தேன், அதனால் இதைக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் ஒரு சின்னத் தகடு, அதில் நான்கு இலக்கம். முதல் இரண்டும் அருகிலுள்ள தெரு எண். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் நீங்கள் மேற்குப் பக்கம் இருக்கிறீர்கள், இரட்டைப்படை என்றால் கிழக்கு. அப்பா தனியாகப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் எனக்குப் போன் வந்தது: "ஏழு, நாலு, ரெண்டு, எட்டு. போன் அணையப்போகுது." அவ்வளவுதான், அணைந்துவிட்டது. 74ஆவது தெரு, கிழக்குப் பக்கம். நான் போய்ச் சேர்ந்தபோது கம்பத்துக்குக் கீழே ரிடையர்டு ஓவர்சீயர் நின்றுகொண்டிருந்தார், முகத்தில் துளிப் பதற்றம் இல்லை. "எல்லா ஊர்லயும் கம்பத்துக்கு நம்பர் போடுவான். இவன்தான் அர்த்தத்தோட போட்டிருக்கான்."

பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிரில் கூட்டம் கூட்டமாகப் புல்வெளியில் இறங்கும் புள்ளிவைத்த கறுப்புப் பறவை ஸ்டார்லிங். 1890இல் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து அறுபது ஸ்டார்லிங்குகளைக் கொண்டுவந்து இதே பூங்காவில் பறக்கவிட்டார், இன்று இந்தக் கண்டம் முழுக்க அவைதான். அப்பாவுக்குப் பிடித்தது அது இல்லை, ஃபிளாகோ என்ற ஆந்தை. 2023 பிப்ரவரியில் யாரோ கூண்டின் வலையை வெட்டிவிட, பூங்கா மிருகக்காட்சிசாலையிலிருந்து வெளியேறியது. நாங்கள் தேடிப்போனபோது அது பூங்காவை விட்டு மேற்குப் பக்கத்துக் கட்டடங்களுக்கு இடம் மாறியிருந்தது. ஒரு வருஷம் சுதந்திரமாக இருந்துவிட்டு 2024 பிப்ரவரி 23ஆம் தேதி இறந்தது. அன்று சாப்பாட்டு மேஜையில் அதைப் பற்றித்தான் பேச்சு. ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஆந்தை.

வசந்தகாலம்தான் அவர்களுக்குத் தவறிப்போனது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்தோம், ஒன்றரை மைலுக்குச் சற்று மேல். ஓரத்துச் செர்ரி மரங்களில் மொட்டு அப்போதுதான் வெடிக்கத் தொடங்கியிருந்தது. செர்ரிப் பூவுக்காக மட்டும் டிக்கெட் போடாதீர்கள். ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும், ஒரு மழையில் எல்லாம் தரையில் கிடக்கும். அதைவிட ஏப்ரல் கடைசியில் 105ஆவது தெரு கிழக்கில் உள்ள கன்சர்வேட்டரி தோட்டத்துக்குப் போங்கள். கிராப்ஆப்பிள் மரங்கள் இரண்டு வரிசையாகப் பூத்து நிற்கும். அடுத்து மே முதல் இரண்டு வாரம், 'ராம்பிள்' என்னும் புதர்க்காட்டுக்கு விடியற்காலையில் போங்கள். தெற்கேயிருந்து வடக்கே போகும் பறவைகளுக்கு, கான்கிரீட்டுக்கு நடுவே தெரியும் பெரிய பச்சைத் திட்டு இது. ராத்திரி முழுக்கப் பறந்து களைத்து இங்கே வந்து இறங்கும். கட்டைவிரல் அளவு வார்ப்ளர்கள், தலைக்குமேல் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. பைனாகுலரோடு நிற்கும் பெரியவர்கள், கேட்டால் தாங்களாகவே காட்டுவார்கள்.

"எங்களுக்கு ஜூலைதான் முடியும், பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு" என்கிறீர்கள். புரிகிறது. அப்படியானால் பதினொரு மணிக்கு வராதீர்கள். காலை ஆறு மணிக்கே பூங்கா திறந்துவிடும். ஏழு மணிக்கு 103ஆவது தெருவில் இறங்கி, ஓடையை ஒட்டிப் பள்ளத்தாக்குக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறும்வரை அங்கேயே இருங்கள். பூங்காச் சாலைகளில் 2018 ஜூன் முதல் கார்கள் கிடையாது. ஆனால் சைக்கிள்கள் பறக்கும், அப்பா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று சக்கர வண்டியைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன், பலகையை இரண்டு முறை படியுங்கள். அப்புறம் ஷூ. புதிதாக வாங்கிய அன்றைக்கே போட்டுக்கொண்டு வரச்சொல்லாதீர்கள். அம்மாக்கள் கடித்த இடத்தைச் சொல்லமாட்டார்கள்.

வருகிற ஏப்ரலில் அவர்கள் மூன்றாவது முறை வருகிறார்கள். இந்தத் தடவை டிக்கெட் விலையைப் பார்க்காமல் மாதத்தைப் பார்த்துத்தான் போட்டேன். அதற்குள் அப்பாவுக்குப் பொறுமை இல்லை. பனி விழுந்த அன்று மாலில் அவரும் அம்மாவும் உட்கார்ந்த பெஞ்சுக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணை டைரியில் குறித்து வைத்திருக்கிறார். அங்கே உள்ள எல்ம் எப்படி இருக்கிறது என்று வாரம் ஒருமுறை கேட்கிறார். போன ஞாயிறு போய் மரத்தையும் பெஞ்சையும் கம்பத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். பெஞ்சில் யாரோ ஒரு பெரியவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், படம் நன்றாகவே வந்திருந்தது.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "நம்பர் தெரியலையே. கிட்டப் போய் இன்னொண்ணு எடு."

அன்புடன்,
குயின்ஸிலிருந்து ஒரு மகள்